கட்சியும் நாடும்



பல்லாண்டுகள் இங்கிலாந்து வரலாறு கற்பித்தவன் நான். ஒரு நாள், ஸர் ராபர்ட் பீல் தானியச் சட்டங்களை நீக்கிய பகுதியை நான் முடித்ததும், கடைசி வரிசை மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அவர் செய்தது தியாகமா, துரோகமா?" என்று வினவினான். மணி அடித்தது, நான் தப்பினேன். அன்று கூறாத விடையை இன்று கூற முயல்கிறேன்.

1815-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உள்நாட்டுக் கோதுமை குவார்ட்டர் 80 ஷில்லிங் விலையை எட்டும்வரை அயல்நாட்டுக் கோதுமை இங்கிலாந்துச் சந்தைக்கு வர இயலாது. 1828-இல் இத்தடை ஏறியிறங்கும் சுங்க வரியாக மாறியது. நிலக்கிழார்கள் பயனுற்றனர், ஆலைத் தொழிலாளி ரொட்டிக்கு மிகுந்த விலை கொடுத்தான். அந்நிலக்கிழார்களே கன்ஸர்வேடிவ் கட்சியின் முதுகெலும்பு. அவர்கள் ஆதரவால் 1841-இல் பிரதம மந்திரியானவர் பீல்.

1845-இல் அயர்லாந்தில் ஏழைகளின் உணவாகிய உருளைக்கிழங்கு நோயுற்று அழுகியது. முன்னரே தடையற்ற வாணிகத்தின்பால் சாய்ந்திருந்த பீல், இனி அச்சட்டம் நிலைத்தல் தகாது எனத் துணிந்தார். மந்திரிகள் பலர் இசையாமையால் டிசம்பரில் பதவி விலகினார். விக்குத் தலைவர் ரஸ்ஸலால் மந்திரிசபை அமைக்க இயலாமற்போகவே மீண்டும் பொறுப்பேற்றார். 1846 மே மாதம் காமன்ஸ் சபையில் மசோதா 327-க்கு 229 என்ற வாக்குகளால் நிறைவேறியது. அவர் கட்சியினருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் எதிர்த்தனர். விக்குகளின் துணையாலேயே வென்றார். ஜூன் 25-இல் பிரபுக்கள் சபையும் இசைந்தது. அன்றிரவே, அயர்லாந்து பற்றிய வேறொரு மசோதாவில், சினமுற்ற சொந்தக் கட்சியினர் சிலர் எதிரணியுடன் சேர்ந்து அவரைத் தோற்கடித்தனர். அவர் பதவி துறந்தார். கட்சி பிளவுண்டது, 1874 வரை அதற்குப் பெரும்பான்மை கிட்டவில்லை.

டிஸ்ரேலி அவரைக் கடுமையாகச் சாடினார். ஒரு கொள்கையைக் காட்டி வாக்குப் பெற்றவர் மற்றொன்றைச் செய்யலாமா என்பதே அவ்வாதத்தின் சாரம். இதனை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. கொடுத்த வாக்கு காற்றில் பறந்தால் தேர்தலுக்கே பொருளில்லை. அன்றியும், சட்டம் நீங்கியதனால் பஞ்சம் நின்றுவிடவில்லை. அயர்லாந்தில் ஏறத்தாழப் பத்து லட்சம் மக்கள் மாண்டனர்.

எனினும், என் விடை இதுவே: பீல் கட்சிக்குக் கடன்பட்டவர், அக்கட்சியோ நாட்டுக்குக் கடன்பட்டது. இரு கடன்களும் மோதியபோது அவர் பெரிய கடனை அடைத்தார். சிறிய கடனுக்கு ஈடாகத் தம் பதவியைக் கொடுத்தார். 1850-இல் குதிரையிலிருந்து விழுந்து இறக்கும்வரை அவர் மீண்டும் பதவி ஏற்கவில்லை.

மாணவர்களே! கட்சியின் சொல்லை மீறுபவர் எவரைக் கண்டாலும், அவர் பெற்றது யாது, இழந்தது யாது என்று முதலில் கணக்கிடுங்கள். தியாகமும் துரோகமும் அங்கே பிரியும்.