எண்ணும் முறை மாறினால் வெற்றியும் மாறும்



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு மாதிரித் தேர்தல் நடத்திக் காட்டக் கணினியில் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். அதற்குரிய வாக்குகளைப் பிரெஞ்சு வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

1770ஆம் ஆண்டு பாரிஸ் அறிவியல் கழகத்தில், வழக்கமான வாக்கெடுப்பில் உள்ள குறையைப் போர்டா என்னும் கணித அறிஞர் எடுத்துரைத்தார். அவர் தந்த கணக்கு இது: வாக்காளர் 21 பேர்; வேட்பாளர் மூவர். முதல் விருப்பமாக அ 8, ஆ 7, இ 6 வாக்குகள் பெறுகின்றனர். வழக்கப்படி அ வெல்கிறார். ஆனால், ஏனைய 13 பேரும் அவரையே கடைசியில் வைத்துள்ளனர்! விருப்ப வரிசைக்கு 3, 2, 1 எனப் புள்ளியிட்டால் இ 47, ஆ 42, அ 37. வரிசை தலைகீழாகிறது.

1785இல் கொண்டோர்செ என்பார், வேட்பாளர்களை இருவர் இருவராக ஒப்பிடும் முறையை விளக்கினார். இக்கணக்கில் அம்முறையிலும் இ வெல்கிறார். எனினும், சில வேளைகளில் முதல்வர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதல்வரையும் வெல்லக்கூடும் என்பதையும் அவரே கண்டறிந்தார்.

“அப்படியென்றால் உண்மையில் வென்றவர் யார், ஐயா?” என்று ஒரு மாணவி வினவினாள். நான் சற்று நேரம் வாயடைத்து நின்றேன். ஆண்டுதோறும் கைகளை எண்ணியே வகுப்புத் தலைவரைத் தேர்ந்தெடுத்து வந்தவன் நான். கை தூக்காத பிள்ளைகளின் விருப்பத்தை ஒருமுறையும் கேட்டதில்லை.

இனி, எண்ணும் முறையை வகுப்பில் முதலில் பேசி முடிவு செய்வோம். அதன் பின்னரே வாக்களிப்போம்.