த்வாண்டே ஷ்வேயும் பேத்தி கேட்ட குட்டி நாயும்

நம் மலரில் நடைப்பயணம் பற்றியும் கப்பல் பயணம் பற்றியும் எழுதப் பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் இந்த வருஷம் நாயைப் பற்றி எழுதப் போகிறேன். சிரிக்காமல் படியுங்கள். இதுவும் நம்ம சரித்திரம்தான்.

என் பேத்தி ஒரு சின்ன ஜாதி நாய் வேணும் என்று ஆறு மாதமாக உயிரை எடுத்தாள். வீட்டிலே ஏற்கெனவே ஒரு கிழட்டுப் பூனை, கூண்டிலே ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ். "எந்த ஜாதி நாய் தாத்தா இவங்களோட ஒத்துப் போகும்?" என்று கேட்டாள். வியாசர்பாடி வீட்டில் கேட்ட கேள்வி என்னைத் தூக்கிக்கொண்டு போய் த்வாண்டேயில் போட்டது.

த்வாண்டே எங்கே என்று கேட்கும் இளையவர்களுக்கு: ரங்கூன் ஆற்றைப் படகில் தாண்டினால் டலா. அதற்கு அப்பால் உள்ள ஊர். ரங்கூன் ஆற்றையும் ஐராவதியையும் இணைக்க வெள்ளைக்காரன் காலத்தில் வெட்டிய இருபத்திரண்டு மைல் கால்வாய் இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பானை, சட்டி, பெரிய தண்ணீர்ச் சாடி எல்லாம் அங்கே சுட்டுப் படகில் ஏற்றுவார்கள். சுற்றிலும் வயல். 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அந்த வயல்களில் இறங்கி அறுத்தவர்களில் என் தாத்தாவும் ஒருவர். நிலம் யாருடையது என்பதும் முதுகு யாருடையது என்பதும் வேறு வேறு கணக்கு, அதை இன்னொரு மலரில் பேசலாம்.

எங்கள் வீட்டில் வாத்து இருபது, பூனை ஒன்று, 'ஷ்வே' என்ற செம்பட்டை நாய் ஒன்று. ஷ்வே என்றால் தங்கம். ஜாதி என்று சொல்ல ஒன்றுமில்லை. பொங்கி மடத்து வாசலில் பிறந்த குட்டி. பர்மியர் பூனைக்கும் சௌங் என்பார்கள், மடத்துக்கும் சௌங் என்பார்கள். நம்ம காதுக்கு இரண்டும் ஒன்றாகக் கேட்கும், ஆனால் இழுக்கிற ராகம் வேறு. அம்மா கடைசி வரை ராகத்தை மாற்றித்தான் சொன்னார். பூனையைக் கும்பிடப் போகிறாயா என்று பக்கத்து வீட்டு பர்மியப் பாட்டி கேலி பண்ணுவார்.

தஞ்சான் தண்ணித் திருவிழாவும் நம்ம சித்திரையும் ஒரே வாரத்தில் வரும். அப்போது பர்மியர்கள் புண்ணியத்துக்காக மீனை ஆற்றில் விடுவார்கள், மாட்டை அவிழ்த்து விடுவார்கள். ஊருக்குப் பக்கத்தில் ஏரி நடுவே பாம்புக் கோயில் உண்டு. மலைப்பாம்புகள் அங்கே வீட்டுப் பிராணி மாதிரி சன்னல் ஓரத்தில் சுருண்டு கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்ததால், நாய் வாத்தோடு படுத்துத் தூங்குவதை நாங்கள் அதிசயமாக நினைத்ததே இல்லை.

பிறகு 1962 மார்ச் வந்தது, ராணுவ ஆட்சி. அடுத்தடுத்து கடைகள் தேசவுடைமை. 1964 மே 17 அன்று 50, 100 ஜாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அப்பா பெட்டியில் இருந்ததும் காகிதம் ஆனது. சுமார் 3 இலட்சம் இந்தியர்கள் அந்த ஆண்டுகளில் கிளம்பினார்கள். நாங்கள் 1965இல் கிளம்பினோம். எனக்கு ஒன்பது வயது. ஷ்வேயைப் பானை செய்யும் பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைத்தோம். கிளம்பும்போது அது ஓடி வந்தது, அழுதது என்று நான் எழுதினால் பொய். வாத்துகளுக்கு நடுவே படுத்தபடி வாலை இரண்டு தடவை ஆட்டியது. நாங்கள் சந்தைக்குப் போவதாக நினைத்திருக்கும்.

எங்கள் தாத்தா தலைமுறை அதையும் பார்த்துவிட்டது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு மலையேறி நடந்தவர்கள் பிள்ளையைத் தூக்கவே வலுவில்லாமல் போனார்கள். நாய் எங்கே! நம்மை ஆண்ட லண்டனிலும் இதுதான் கதை. 1939 செப்டம்பரில் யுத்தம் அறிவித்த முதல் வாரத்திலேயே, குண்டு ஒன்றும் விழாத முன்பே, சுமார் 4 இலட்சம் நாய் பூனைகளை வளர்த்தவர்களே கொண்டுபோய்க் கொல்லச் செய்தார்கள். அதைப் படித்த அன்று, ஷ்வேயை விட்டு வந்ததற்காக அப்பாமேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சம் தணிந்தது.

சரி, பேத்தி விஷயத்துக்கு வருகிறேன். சின்ன நாய் என்றால் சாதுவான நாய் என்று நினைக்கக் கூடாது. எதற்காக உண்டாக்கிய ஜாதி என்று பார்க்க வேண்டும். டெரியர் எலி பிடிக்க. டாக்ஸ்ஹுண்ட் வளைக்குள் புகுந்து பேட்ஜரை இழுக்க. அதன் குட்டைக்காலைப் பார்த்து ஏமாந்து வாங்கியவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். இரண்டு கோழி போன பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. நம்ம ஊர் சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் முயல் விரட்ட. ஓடுவது எதுவாக இருந்தாலும் அவற்றுக்கு முயல்தான்.

மடியில் உட்காரவே வளர்த்த ஜாதிகள் தனி. சீன அரண்மனையின் பெக்கினீஸ் அதில் முதல் வரிசை. 1860 அக்டோபரில் ஆங்கில, பிரெஞ்சுப் படைகள் பீக்கிங் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது ஐந்து குட்டி நாய்கள் அகப்பட்டன. ஒன்று விக்டோரியா ராணிக்குப் போனது. அதற்கு 'லூட்டி' என்று பெயர் வைத்தார்கள். கொள்ளைக்கு இந்தியில் லூட், அந்தச் சொல் அப்படியே நாய்க்கு! நாம் குழந்தைகளை லூட்டி அடிக்காதே என்கிறோம். அந்தப் படையெடுப்பில் நம்ம மெட்ராஸ் சாப்பர்ஸ் சிப்பாய்களும் போயிருந்தார்கள். வீடு பறிபோய்க் கப்பலேறிய நாய் அது, அதனால் எனக்கு அதன்மேல் ஒரு பாசம்.

ஆனால் பெக்கினீஸும், 2003 செல்போன் விளம்பரத்துக்குப் பிறகு எல்லாரும் வாங்கிய பக்கும் சப்பை மூக்கு. பூனையோடு சமாதானமாக இருக்கும், சென்னை வெயிலோடு இருக்காது. மூச்சு இழுக்கும். கேவலியர் ஸ்பானியலும் சாதுதான். பழைய ஓவியத்தில் இருந்த நீள மூக்கு நாய் திரும்ப வேண்டுமென்று ஒரு அமெரிக்கர் 1926இல் லண்டன் கண்காட்சியில் 25 பவுண்டு பரிசு வைத்து உருவாக்க வைத்த ஜாதி. விலை நமக்குக் கட்டாது. தவிர ஸ்பானியல் வழியே பறவை வேட்டை வழி, லவ் பேர்ட்ஸ் கூண்டை நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஊரெல்லாம் பொமரேனியன் என்று சொல்லும் இந்தியன் ஸ்பிட்ஸ்தான் சரி என்று முடிவு செய்தோம். 1994 இந்திப் படத்தில் வந்த டஃபி இந்த ஜாதிதான். குரைப்பு ஜாஸ்தி, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்று மட்டும் பேத்தியிடம் பிடிவாதமாகச் சொன்னேன். ஜாதி பாதி, குட்டிப் பருவம் பாதி. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் வருஷக்கணக்கில் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965இல் புத்தகம் போட்டார்கள். பிறந்து மூன்று வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை யாரோடு பழகுகிறதோ அவர்களையே தன் கூட்டமாக நாய் ஏற்றுக்கொள்ளும் என்றார்கள். நாங்கள் கப்பலேறிய அதே வருஷம்! ஷ்வே ஏன் வாத்தோடு படுத்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண் திறந்து சில நாளிலேயே அப்பா அதை வாத்துக் கொட்டகையில் விட்டிருந்தார்.

ஆகவே எட்டு வாரக் குட்டியாகவே, பூனை இருக்கும் வீட்டிலிருந்தே தேடி வாங்கினோம். முதலில் பூனைக்கு எட்டாத உயரத்தில் ஒரு இடம், நாய்க்குத் தனித் தட்டு, கூண்டைச் சுவரில் உயர்த்தி மாட்டினோம். ரேபீஸ் ஊசிக்குத் தேதி குறித்தாயிற்று.

பேத்தி அதற்கு லூட்டி என்று பெயர் வைத்திருக்கிறாள். வந்து பதினோரு நாள் ஆகிறது. பூனை இன்னும் பீரோ மேலேதான் சோறு தின்கிறது. நேற்று ராத்திரி பாதி வரை இறங்கி வந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டது.