பூட்டும் கம்பி ஸ்டாண்டும்

வாரத்துக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டும். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறையாது, ஏனென்றால் மதிப்பெண்ணே கிடையாது. ஒன்றும் தோன்றவில்லையா, பத்திரிகையைப் பார்த்துக் காப்பி அடித்துக்கொள்ளலாம். ஆசிரியர் எண்ணிப் பார்ப்பது பக்கங்களை மட்டும்தான்.

கேட்டால் எந்தப் பள்ளி நிர்வாகமும் சிரிக்கும். ஆனால் 1960களின் நடுவில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பள்ளி இதைத்தான் செய்தது. அதுவும் சாதாரணப் பள்ளி அல்ல. விட்மோர் லேக் என்ற ஊரில் இருந்த மேக்ஸி பயிற்சிப் பள்ளி, சட்டத்தை மீறிய பதின்வயதுப் பையன்களை அரசு அடைத்துவைத்த இடம். அங்கே வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பள்ளிக்கூடம் என்றாலே ஆகாது. புத்தகம் என்பது அவர்களுக்குத் தோல்வியின் இன்னொரு பெயர்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த டேனியல் ஃபேடர்தான் இந்தத் திட்டத்தை வகுத்தவர். அவர் யோசித்த விஷயம் எளிமையானது. இந்தப் பையன்கள் படிக்க மறுப்பது எழுத்தையா, அல்லது பாடப்புத்தகம் என்ற அந்தக் கனமான, கெட்டி அட்டைபோட்ட பொருளையா? இரண்டாவதுதான் என்றால், பாடப்புத்தகம் மாதிரி இல்லாத ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாமே!

அப்படி ஒன்று அப்போது கடைத்தெருவிலேயே கிடைத்தது. 1939இல் பாக்கெட் புக்ஸ் நிறுவனம் 25 சென்ட் விலையில் காகித அட்டைப் புத்தகங்களை அமெரிக்காவில் இறக்கியது. புத்தகக் கடைகளோடு நிற்காமல் மருந்துக் கடையிலும் ரயில் நிலையத்திலும் கம்பி ஸ்டாண்டில் தொங்கவிட்டு விற்றார்கள். முதுகு தெரியும்படி அடுக்காமல், அட்டைப்படம் முகத்துக்கு நேராகத் தெரியும்படி வைத்தார்கள். ஃபேடர் அந்தக் கடையையே பள்ளி நூலகத்துக்குள் கொண்டுவந்தார். டெட்ராய்ட்டில் இருந்த ஒரு பத்திரிகை விநியோக நிறுவனம் புத்தகங்களை இலவசமாகக் கொடுத்தது. சுற்றும் கம்பி ஸ்டாண்டுகள் வந்தன. பையன்கள் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பிடித்ததை உருவி, பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டு போனார்கள். முடித்துவிட்டால் வந்து மாற்றிக்கொள்ளலாம். வகுப்பிலும் பாடப்புத்தகத்தின் இடத்தைச் செய்தித்தாளும் வார இதழும் எடுத்துக்கொண்டன. ஆங்கில வாத்தியார் மட்டுமல்ல, எல்லாப் பாட ஆசிரியரும் வாசிப்புக்கும் எழுத்துக்கும் பொறுப்பு என்பது திட்டத்தின் இன்னொரு பாதி.

இதெல்லாம் 1966இல் 'ஹூக்ட் ஆன் புக்ஸ்' என்ற நூலாக வந்தது. 1968இல் வந்த விரிவான பதிப்பில் உளவியலாளர் எல்டன் மெக்நீல் சேர்ந்துகொண்டார். இந்தத் திட்டம் இல்லாத இன்னொரு சீர்திருத்தப் பள்ளியோடு மேக்ஸியை ஒப்பிட்டுப் பார்த்ததில், மேக்ஸி பையன்கள் முன்னே போயிருந்தார்கள்.

ஜப்பானில் 1988இல் நடந்தது இதற்கு நேரடித் தொடர்பில்லாத கதை, ஆனால் அதே புள்ளியில் வந்து சேர்கிறது. சிபா மாகாணத்தின் ஃபுனபாஷியில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஹயாஷி ஹிரோஷி என்ற ஆசிரியர், சக ஆசிரியர் ஓட்சுகா எமிகோவோடு சேர்ந்து காலை வாசிப்பைத் தொடங்கினார். அமெரிக்கரான ஜிம் டிரலீஸ், குழந்தைகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவது பற்றி எழுதிய நூல்தான் தூண்டுதல். வகுப்பு தொடங்கும் முன் 10 நிமிடம். விதிகள் நான்கே: எல்லோரும் வாசிக்க வேண்டும், தினமும் வாசிக்க வேண்டும், பிடித்த புத்தகமாக இருக்கலாம், வாசித்தால் போதும். இந்தக் கடைசி விதிதான் முக்கியம். சுருக்கம் எழுத வேண்டாம், கருத்து சொல்ல வேண்டாம், யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். 'எல்லோரும்' என்பதில் ஆசிரியரும் அடக்கம். இன்று ஜப்பானில் 20,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் இது நடக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று பிடிபடும். இவை முழுச் சுதந்திரத்தின் கதைகள் அல்ல. ஃபேடரிடம் இரண்டு பக்கம் கட்டாயம். ஹயாஷியிடம் பத்து நிமிடம் கட்டாயம். நேரமும் அளவும் பள்ளியின் கையில். எதை வாசிப்பது, எதை எழுதுவது என்பது பிள்ளையின் கையில். பதின்வயதில் ஒருவர் 'நீ இதைத்தான் படிக்கணும்' என்று சொன்னாலே அந்தப் புத்தகம் பாதி செத்துவிடும். ஆனால் 'இஷ்டம் இருந்தா படி' என்று விட்டுவிட்டாலும் பல பேர் ஒருபோதும் தொடங்கமாட்டார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்த ஆசிரியர்கள் கண்டுபிடித்தது அதைத்தான்.

நாம் செய்துவைத்திருப்பது இதற்கு நேர்த் தலைகீழ். எங்கள் பள்ளியில் நூலகம் என்றால் இரண்டு இரும்பு பீரோக்கள். சாவி ஒருவரிடம் இருக்கும், அவர் எப்போதும் வேறு எங்கோ இருப்பார். கால அட்டவணையில் வாரம் ஒரு நூலகப் பீரியட் உண்டு. தேர்வு நெருங்கினால் கணக்கு வாத்தியார் அதை எடுத்துக்கொள்வார். ஆண்டுக்கு ஒருமுறை கட்டுரைப் போட்டி. தலைப்பை அவர்களே கொடுப்பார்கள், என்ன எழுதினால் பரிசு என்பதும் எல்லோருக்கும் தெரியும். தலைப்பு கட்டாயம், நேரம் மட்டும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நூலக இயலுக்கு ஐந்து விதிகளைத் தந்தவரே ஒரு கணக்கு வாத்தியார்தான், அதுவும் நம்ம ஊர்க்காரர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். ஆரம்பத்தில் அந்த வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பிவிட நினைத்தவர். பிறகு இங்கிலாந்து போய் அங்குள்ள நூலகங்களைப் பார்த்துவிட்டு வேறு மனிதராகத் திரும்பினார். 1931இல் வெளியான நூலில் அவர் சொன்ன முதல் விதி, புத்தகம் பயன்படுத்தத்தான் என்பது. அதை விளக்க, ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்த நூலகங்களைப் பற்றிப் பேசுகிறார். திறந்த அலமாரியை, வாசகரே கைநீட்டி எடுக்கும் முறையை, அவர் விடாமல் வலியுறுத்தினார். அந்தப் புத்தகம் வந்து எழுபது ஆண்டுக்குப் பிறகும் எங்கள் பீரோவில் பூட்டு தொங்கியது.

அப்படியானால் நான் எப்படி வாசகன் ஆனேன்? பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில், கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய பாக்கெட் நாவல்களால். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர். அட்டைப்படம் முகத்துக்கு நேராக இருக்கும். பஸ் வரும்வரை பார்த்துக்கொண்டே நிற்கலாம். கடைக்காரர் என்னிடம் ஒருநாளும் கதைச் சுருக்கம் கேட்டதில்லை. அதை வகுப்பில் வைத்துப் படித்து மாட்டிக்கொண்டவர்கள் அடி வாங்கினார்கள். எங்கள் வகுப்பில் உண்மையில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதில் சிலர் அந்த அடியோடு வாசிப்பையே விட்டுவிட்டார்கள்.

ஃபேடருக்கு ஒரு பத்திரிகை விநியோகஸ்தர் தேவைப்பட்டார். ஹயாஷிக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. ஒரு வகுப்பறையில் குறுக்கே ஒரு கயிறு, நாற்பது கிளிப், பழைய புத்தகக் கடையிலிருந்து நாற்பது புத்தகம். காலையில் பத்து நிமிடம், ஆசிரியரும் ஒரு புத்தகத்தோடு உட்கார வேண்டும். பணம் பெரிய தடையில்லை. மணி அடித்ததும் 'சரி, என்ன படிச்சே, சொல்லு பார்ப்போம்' என்று கேட்காமல் இருப்பதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கும்.