ஓதம் ஏறிய சுவரும் நிபுணர் சாட்சியமும்: இங்கிலாந்தின் நகரசபைக் குடியிருப்பு வழக்குகள் குறித்த ஓர் ஆய்வு

வாடகைக்கு விடப்பட்ட வீடு வாழத் தகுதியற்றதாயிருப்பினும், சொந்தக்காரர் வஞ்சகமாகப் பேசி ஏமாற்றினாரென்று காட்டினாலன்றி, அவர்மீது வழக்குத் தொடுக்கக் குடியிருப்பவருக்கு இடமில்லை என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் கொண்டிருந்த சித்தாந்தம். 1843-இல், தட்டுமுட்டுச் சாமான்களோடு விடப்பட்ட வீடொன்றில் மூட்டைப்பூச்சி மண்டிக் கிடந்ததென்ற வழக்கில் குடியிருந்தவருக்குச் சாதகமான தீர்ப்புக் கிடைத்தது உண்மையே. ஆயினும் அதே ஆண்டில் வெளிவந்த மற்றொரு தீர்ப்பு, சாமான்களின்றி விடப்படும் வெற்று வீட்டுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடையாது என்று வரையறுத்துவிட்டது. ஏழை மக்கள் குடியேறியவையோ பெரும்பாலும் வெற்று வீடுகள். உரிமையே இல்லாத இடத்தில் அதை நிரூபிக்கச் சாட்சி எதற்கு? 1868-இல் லண்டனில் ஸ்தாபனம் அமைத்துக்கொண்டு, 1881-இல் அரச சாசனமும் பெற்ற சர்வேயர்கள், மனைகளை மதிப்பிடுவதிலும் ரயில்பாதைக்காக எடுக்கப்பட்ட நிலங்களுக்கு நஷ்டஈடு கணிப்பதிலும் பெயர் பெற்றார்களேயன்றி, தொழிலாளியின் நனைந்த சுவரைப் பார்க்க எவரும் அவர்களை அழைத்திலர்.

சர் சார்லஸ் டில்க் தலைமையில் உழைக்கும் வகுப்பாரின் குடியிருப்புகளை விசாரித்த அரசக் குழுவின் பயனாக, 1885-ஆம் ஆண்டுச் சட்டம், அவ்வகுப்பாருக்கு விடப்படும் வீடு மனிதர் வாழ்வதற்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்துக்குள் தானாகவே நுழைத்தது. 1909-இல் அந்நிபந்தனை குடியிருக்கும் காலம் முழுமைக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆனால் குறைந்த வாடகை வீடுகளுக்கே அது பொருந்தும் என்ற உச்சவரம்பு உடன் வந்தது. 1957-இல் லண்டனில் ஆண்டுக்கு 80 பவுன், பிற இடங்களில் 52 பவுன் என்று வகுக்கப்பட்ட அவ்வரம்பு பின்னர் உயர்த்தப்படவே இல்லை. வாடகைகள் ஏற ஏறச் சட்டம் ஏட்டளவில் மட்டும் ஜீவித்திருந்தது. இது பாராளுமன்றத்தின் மறதியா, வசதியான மறதியா என்பதை வாசகரின் யூகத்துக்கே விட்டுவிடலாம்.

அந்தச் சட்டத்துக்கு உயிரிருந்த காலத்தில் எழுந்த வழக்குகளுள் முக்கியமானது, 1943-இல், அந்நாளில் இறுதி நீதிமன்றமாகவும் விளங்கிய பிரபுக்கள் சபை தீர்த்த சால்ஃபர்டு மாநகராட்சி வழக்கு. மேலும் கீழும் நகரும் ஜன்னல் சட்டத்தைத் தாங்கும் இரு கயிறுகளுள் ஒன்று அறுந்துபோயிற்று. தகவல் சொல்லியும் அது செப்பனிடப்படவில்லை. சுமார் இரண்டு மாதங்களுக்குப் பிறகு, குடியிருந்த பெண்மணி அந்த ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மற்றக் கயிறும் அறுந்து அவருடைய கை நசுங்கியது. ஓர் அற்பக் கயிற்றினால் வீடு முழுவதும் வாழத் தகாததாகுமா என்ற ஆட்சேபத்தைப் பிரபுக்கள் ஏற்கவில்லை. சாதாரணமாகப் புழங்கும்போதே உடலுக்கோ ஆரோக்கியத்துக்கோ ஊறு நேருமாயின் அவ்வீடு தகுதியற்றதே என்றனர். கயிறு அறுந்ததை எவரும் கண்ணால் காணலாம். அதற்கு நிபுணர் வேண்டியதில்லை. சுவரில் ஏறும் ஓதம் அப்படிப்பட்டதன்று.

இவ்வழக்கில் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு மாநகராட்சி என்பது கவனிக்கத்தக்கது. 1919-ஆம் ஆண்டின் அடிசன் சட்டத்துக்குப் பின் நகரசபைகள் பெருமளவில் வீடு கட்டி வாடகைக்கு விடத் தொடங்கியபோது ஒரு விபரீதம் விளைந்தது: பழுதடைந்த வீட்டைப் பார்வையிட்டுச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் அனுப்பும் அதிகாரம் பெற்ற சுகாதார இன்ஸ்பெக்டர் நகரசபையின் ஊழியர், இப்போது சொந்தக்காரரும் அதே நகரசபை. நகரசபை தனக்குத்தானே அத்தகைய நோட்டீஸ் கொடுத்துக்கொள்ள முடியாதென்று கார்டிஃப் நகர வழக்கில் 1980-களின் தொடக்கத்தில் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆகவே நகரசபைக் குடித்தனக்காரருக்காகப் பேசக்கூடியவர், நகரசபையின் சம்பளம் வாங்காத ஒரு கட்டட சர்வேயராகவே இருக்க வேண்டியதாயிற்று. அவருக்குக் கட்டணம் கொடுக்க 1949-ஆம் ஆண்டின் சட்ட உதவித் திட்டமும், அவரைத் தேடிப்பிடிக்க 1970-இல் வட கென்சிங்டனில் தோன்றிப் பிற ஊர்களுக்கும் பரவிய சட்ட உதவி மையங்களும் கைகொடுத்தன. இவ்வழக்குகளில் வக்கீலும் சர்வேயரும் கூட்டாகப் பணிபுரியும் வழக்கம் வேரூன்றியது இந்தச் சூழ்நிலையில்தான் என்பது என் கருத்து.

ஆனால் நிபுணர் எதைக் காண்கிறார் என்பது, சட்டம் அவரிடம் எதைக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது. ஏழாண்டுக்குக் குறைந்த குத்தகைகளில் வீட்டின் கட்டுமானத்தையும் வெளிப்புறத்தையும் சொந்தக்காரரே மராமத்துச் செய்ய வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. மராமத்து என்றால் முன்பு நன்றாயிருந்தது பின்பு கெட்டிருக்க வேண்டும். இதன் கொடுமை 1985-இல் தெற்கு வேல்ஸின் டாஃப்-ஈலி நகரசபை வழக்கில் வெளிப்பட்டது. ஒற்றைக் கண்ணாடியிட்ட உலோகச் சட்ட ஜன்னல்களும், குளிர்தடுப்பு இல்லாத கான்கிரீட் உத்தரங்களும் வேர்த்து வடிந்து, துணிமணிகளும் படுக்கையும் மேஜை நாற்காலிகளும் உளுத்துப்போயின. இக்காலத் தரப்படி அவ்வீடு வாழத் தகாதது என்பதை எவரும் பெரிதாக மறுக்கவில்லை. ஆயினும் ஜன்னல் கட்டியபடியே இருக்கிறது, உத்தரம் கட்டியபடியே இருக்கிறது, எனவே மராமத்துக்கு விஷயமே இல்லை என்று அப்பீல் கோர்ட் தீர்த்தது. தர்க்கத்தில் குற்றம் காண இயலாத இத்தீர்ப்பைப்போல் நியாயத்தினின்று விலகிச் சென்ற தீர்ப்புகள் சிலவே.

அதன்பின் சர்வேயரின் அறிக்கை ஒரு விசித்திர வடிவம் எடுத்தது. குழந்தை இருமுகிறதா என்று கேளாமல், சுவர்ப்பூச்சு உதிர்கிறதா என்று அவர் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பூச்சும் கட்டுமானத்தின் பகுதியே என்ற தெளிவு 2011-இல்தான் அப்பீல் கோர்ட்டில் கிடைத்தது. ஓதத்தின் மூலகாரணம் எது என்பதிலும் கட்சி பிரிந்தது. இரண்டு ஊசிமுனைகளைச் சுவரில் அழுத்தி மின்சாரம் பாயும் அளவைக் காட்டும் சிறு கருவி மரத்தின் ஈரத்துக்கென்று அளவிடப்பட்டது; செங்கல்லிலும் பூச்சிலும் உப்புப் படிந்திருந்தால் ஈரமற்ற இடத்திலும் முள் உச்சிக்குப் போகும். சுவரைத் துளைத்து எடுத்த தூளை நிறுத்து, அடுப்பில் உலர்த்தி, மறுபடி நிறுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க முறை. செலவையும் தாமதத்தையும் அஞ்சுவதால் அதைச் செய்பவர் சிலரே. ஆகவே ஒரே சுவரைக் கண்ட இரு நிபுணர்களுள் குடித்தனக்காரர் தரப்பினர் தரையிலிருந்து ஏறிய ஓதம் என்பார். நகரசபைத் தரப்பினர் ஜன்னலைத் திறக்காமல் துணி உலர்த்தியதால் படிந்த ஈரம் என்பார்.

இந்தக் கட்சிச் சாட்சியத்தைக் கண்டித்தவருள் முதன்மையானவர் நீதிபதி உல்ஃப் பிரபு. அவரது 1995, 1996-ஆம் ஆண்டு அறிக்கைகளின் பயனாக 1999 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்த சிவில் விதிகள், நிபுணரின் முதற்கடமை தமக்குப் பணம் கொடுத்தவருக்கன்று, நீதிமன்றத்துக்கே என்று வகுத்தன. இரு தரப்புக்கும் பொதுவாக ஒரே நிபுணரை நியமிக்கவும் வழி செய்தன. பழுது வழக்குகளுக்கென்றே 2003 டிசம்பரில் வந்த முன்னடவடிக்கை முறை, வழக்குக்கு முன்பே புகார்க் கடிதம் அனுப்பவும், 20 வேலைநாட்களுக்குள் பதிலளிக்கவும், கூட்டாகப் பார்வையிடவும் தூண்டியது. ஒவ்வொரு பழுதையும் வரிசையிட்டு, அதன் எதிரே இரு தரப்பு வாதத்தையும் செலவுக் கணக்கையும் பத்திகளாக எழுதும் ஸ்காட் அட்டவணை நீதிபதியின் வேலையைச் சுலபமாக்கியது. ஆனால் 2013 ஏப்ரலில் பெரும்பாலான பழுது வழக்குகளுக்குச் சட்ட உதவி நிறுத்தப்பட்டதும், வென்றால் மட்டும் கட்டணம் என்ற வக்கீல்கள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டனர். அவர்களுள் சிலர் வீடு வீடாக ஆள் பிடிப்பதும் கண்கூடு.

சட்டத்தின் வினா மாறியது 2018-இல். பாராளுமன்ற உறுப்பினர் காரென் பக் அம்மையார் கொண்டுவந்த மசோதா சட்டமாகி, 2019 மார்ச் 20 முதல், பழுதிருக்கிறதோ இல்லையோ, வீடு மனிதர் வாழத் தக்கதா என்பதையே விசாரிக்கலாம் என்றாயிற்று. வாடகை வரம்பும் ஒழிந்தது. டாஃப்-ஈலி வழக்கு இன்று எழுந்தால் குடித்தனக்காரர் வெல்வதற்கே இடமுண்டு. ஆயினும் வெற்றி வழக்குக்குப் பின்னரே. ராச்டேலில் 2020 டிசம்பரில், வாடகைவீட்டுப் பூஞ்சணத்தில் நெடுநாள் மூச்சுவிட்ட இரண்டு வயதுக் குழந்தை மாண்டதும், 2021-இல் வீட்டுக் குறைதீர் அதிகாரியின் அறிக்கை, குடியிருப்பவரின் வாழ்க்கைமுறையைக் குறைகூறும் பழக்கத்தைச் சாடியதும், அடுத்த திருத்தத்துக்கு வித்திட்டன. அக்குழந்தையின் பெயரால் வழங்கும் அவாப் சட்டப்படி, 2025 அக்டோபர் 27 முதல் சமூகக் குடியிருப்புகளின் உரிமையாளர், உடனடி அபாயமாயின் 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்கவும், பெருங்கேடாயின் 10 வேலைநாட்களுக்குள் தகுதிபெற்ற ஒருவரைக் கொண்டு ஆராயவும் கடமைப்பட்டிருக்கிறார். அவ்வாறு ஆராய்பவர் உரிமையாளரின் ஊழியராகவே இருக்கலாம் என்பதால், நகரசபையின் சம்பளம் வாங்காத சர்வேயருக்கு வேலை இன்னும் தீர்ந்தபாடில்லை.