இரும்பு முகமூடியும் அழிக்கப்பட்ட ஓர் இனமும்

கதாநாயகர்களுக்கு வக்கீல்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே ஒரு வில்லனுக்காகப் பேச வருகிறேன். அமெரிக்காவின் மார்வெல் காமிக்ஸில் வருகிற டாக்டர் டூம். இரும்புக் கவசம், பச்சை அங்கி, முகத்தை மூடிய இரும்பு முகமூடி. லாட்வேரியா என்கிற கற்பனை நாட்டின் சர்வாதிகாரி. உலகத்தையே ஆளணும்கிற வெறி பிடித்தவன்.

'காமிக்ஸ்தானே, இதிலெல்லாம் என்ன இனம், என்ன அடையாளம்' என்று கேட்கிறவர்கள் நம் தோழர்களிலேயே உண்டு. 1972-இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியைக் கொண்டுவந்ததிலிருந்து தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று தலைமுறையாக இந்த வடிவத்தில்தான் நல்லவன் யார், கெட்டவன் யார் என்று படித்து வளர்ந்திருக்கிறார்கள். விளையாட்டுச் சமாச்சாரம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது.

டூம் ஒரு ரோமா. வெள்ளைக்காரர்கள் 'ஜிப்சி' என்று இழிவாகக் கூப்பிடுகிற மக்களில் பிறந்தவன். இதுவரை அவனை முக்கிய வில்லனாக வைத்து ஸ்டூடியோக்கள் திரைக்கு அனுப்பிய படம் எதிலும் இந்தப் பிறப்பு இல்லை.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1962-இல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' ஐந்தாம் இதழில் இவனைக் கொண்டுவந்தார்கள். 1964-இல் வந்த ஆண்டு மலரில் அவன் பூர்வீகத்தைச் சொன்னார்கள். அப்பன் வெர்னர் கூடாரத்து வைத்தியன். ஆத்தா மாந்திரீகம் தெரிந்தவள், அவன் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே செத்துப்போனாள். நாட்டுப் பிரபுவின் மனைவி சாகக் கிடக்கிறாள், வைத்தியனை இழுத்துக்கொண்டு போகிறார்கள். அவளுடைய நோய் யாராலும் தீர்க்கமுடியாத நோய். அவள் செத்தால் தன் தலை தப்பாது என்று வெர்னருக்குத் தெரியும். மகனைத் தூக்கிக்கொண்டு பனிமலைக்குள் ஓடுகிறான். தன் உடுப்பைக் கழற்றிப் பிள்ளைக்குப் போர்த்திவிட்டு, குளிரில் விறைத்துச் சாகிறான்.

பையன் படிக்கிறான். ஆத்தாவின் பெட்டியிலிருந்து மாந்திரீகமும், தானாகவே விஞ்ஞானமும். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று உதவித்தொகை கொடுத்து அழைக்கிறது. அங்கே ரீட் ரிச்சர்ட்ஸ் என்கிற சக மாணவன், பின்னாளில் கதாநாயகன், இவனுடைய கணக்கில் தப்பு இருக்கிறது என்கிறான். டூம் கேட்கவில்லை. இயந்திரம் வெடித்து முகம் சிதைகிறது. பல்கலைக்கழகம் வெளியே துரத்துகிறது. திபெத்து மடம் ஒன்றில் கவசம் வார்க்கச் சொல்கிறான். சூடு ஆறுவதற்கு முன்னாலேயே முகமூடியை எடுத்து முகத்தில் மாட்டிக்கொள்கிறான்.

உதவித்தொகையில் படிக்க வந்த முதல் தலைமுறைப் பையன், தன் நோட்டை எடுத்துப் பார்த்து வசதியான வீட்டுப் பையன் தப்புச் சொல்வதைத் தாங்கமுடியாமல் நிற்கிற அந்த இடத்தை விடுதிகளில் இருந்து படித்தவர்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். ரீட் சொன்னது சரிதான். ஆனால் கணக்கு சரியா தப்பா என்பதோடு முடிகிற விஷயமா அது?

இனி ரோமா யார் என்பது. ஏறத்தாழ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடஇந்தியாவிலிருந்து மேற்கே போனவர்கள். அவர்கள் பாஷையில் தண்ணீருக்கு 'பானி', மூக்குக்கு 'நக்', மனிதனுக்கு 'மனுஷ்'. 'ரோம்' என்ற பெயரே 'டோம்' என்பதிலிருந்து வந்தது என்று மொழியியலாளர் பலர் சொல்கிறார்கள். டோம் யார்? 11-ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி இந்தியாவைப் பற்றி எழுதியபோது, எந்த வருணத்திலும் சேர்க்கப்படாமல் ஊரின் அழுக்கு வேலைக்கு ஒதுக்கப்பட்டவர்களென்று சண்டாளரோடு சேர்த்துச் சொன்ன பெயர்களில் ஒன்று. காசியில் இன்றைக்கும் பிணம் எரிக்கிறவர்கள் டோம் மக்கள்தான். புறப்பட்டுப் போனவர்கள் எல்லோரும் ஒரே சாதி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெயர் எங்கேயிருந்து போனது என்பதை நாம் மறக்கக்கூடாது.

போன இடத்தில் என்ன நடந்தது? இன்றைய ருமேனியாவின் பகுதிகளான வலாக்கியாவிலும் மால்டாவியாவிலும் அவர்கள் அடிமைகள். 1385-ஆம் வருஷத்து ஆவணமொன்று 40 ரோமா குடும்பங்களை மடத்துக்குக் கொடுத்த தானத்தைப் பேசுகிறது. நிலத்தைத் தானம் கொடுப்பதுபோல மனுஷர்களைக் கொடுத்திருக்கிறான். 1855, 1856-இல்தான் சட்டப்படி அந்த அடிமைத்தனம் ஒழிந்தது. பிறகு நாஜிகள். கொல்லப்பட்ட ரோமா, சிந்தி மக்கள் இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்கலாம் என்பது கணக்கு. ஆஷ்விட்ஸில் இருந்த ரோமா குடும்ப முகாமை 1944 ஆகஸ்ட் 2 ராத்திரி விஷவாயுவால் காலி செய்தார்கள். போர் முடிந்தும் நியாயம் கிடைக்கவில்லை. 1943-க்கு முந்தைய நாடுகடத்தலுக்குக் காரணம் இனவெறி இல்லை, அந்த மக்களின் நடத்தைதான் என்று 1956-இல் மேற்கு ஜெர்மனியின் உயர்ந்த நீதிமன்றம் தீர்ப்பே எழுதியது. இனப்படுகொலை என்று அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது 1982-இல்.

1871-இல் வெள்ளைக்காரன் இங்கே குற்றப்பரம்பரைச் சட்டம் போட்டானே, அந்தப் புத்திக்கும் இந்தத் தீர்ப்புக்கும் என்ன பெரிய வித்தியாசம்? பிறப்பிலேயே குற்றவாளி, சுற்றித் திரிகிறவன் திருடன். 1971-இல் லண்டன் பக்கத்தில் கூடிய முதல் உலக ரோமா மாநாடு நீலம், பச்சை, நடுவில் சிவப்புச் சக்கரம் கொண்ட கொடியை ஏற்றுக்கொண்டது. நீலத்தையும் சக்கரத்தையும் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் சுமந்து நிற்கிற பாத்திரத்தை சினிமா என்ன செய்தது? 1994-இல் மலிவாக எடுத்த ஒரு படம் முறைப்படி வெளியாகவேயில்லை. 2005-இல் வந்த படத்தில் டூம் கோடீஸ்வரத் தொழிலதிபன். ரீட் ரிச்சர்ட்ஸ் கையில் காசில்லாமல் அவனிடம் உதவி கேட்டு வந்து நிற்கிறான். கவனியுங்கள், வர்க்கத்தையே தலைகீழாகத் திருப்பிவிட்டார்கள். உதவித்தொகையில் வந்த கூடாரத்துப் பிள்ளை முதலாளி, வசதியானவன் ஏழை. 2007 படத்திலும் அதே ஆள்தான். 2015 படத்தில் கோபக்காரக் கணினி நிபுணன், வேறொரு கிரகத்தில் மாட்டிச் சக்தி பெற்றுத் திரும்பி வந்து ஆட்களைக் கொல்கிறான். ஏன் கொல்கிறான் என்று கேட்டால் படத்திடம் பதில் இல்லை. அப்பன் இல்லை, ஆத்தா இல்லை, பனிமலை இல்லை.

அதே 2015-இல் வந்த அவெஞ்சர்ஸ் படத்தில் வாண்டா, பியட்ரோ என்கிற இரட்டையர்கள் வருகிறார்கள். காமிக்ஸில் ரோமா குடும்பத்தில் வளர்ந்தவர்கள். படத்தில் அந்தச் சுவடே காணோம்.

காயத்தோடு வில்லனைக் காட்டத் தெரியாதவர்களா இவர்கள்? 2000-இல் வந்த 'எக்ஸ்-மென்' படத்தின் முதல் காட்சியே 1944 போலந்து. முகாம் வாசலில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்படுகிற யூதச் சிறுவன் இரும்புக் கதவை வளைக்கிறான். அவன்தான் மாக்னெட்டோ. அவன் செய்கிற கொடுமையை நாம் ஏற்கவில்லை, ஆனால் அவன் எங்கேயிருந்து வருகிறான் என்று தெரிந்துகொண்டே பார்க்கிறோம். அப்படித்தான் காட்ட வேண்டும். மாக்னெட்டோவின் அந்தக் கடந்தகாலம் காமிக்ஸில் எழுதப்பட்டது 1981-இல். டூமின் பூர்வீகம் அதற்கு 17 வருஷம் முந்தியது. எழுதியவர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. லீயின் பெற்றோர் ருமேனியாவிலிருந்து வந்த யூதர்கள். கிர்பி அமெரிக்கப் படையில் சேர்ந்து பிரான்சில் நாஜிகளோடு போரிட்ட யூதர். துரத்தப்பட்ட இன்னொரு இனத்தைத் தங்கள் பெரிய வில்லனுக்குத் தாய்வீடாக வைத்தார்கள். சினிமா யூதன் காயத்துக்கு இடம் கொடுத்தது, ரோமாவின் காயத்துக்குக் கொடுக்கவில்லை. யூதர் தங்கள் சாவுக்குச் சாட்சியத்தை எழுதி, படமாக்கி, உலகத்தைக் கேட்க வைத்தார்கள். ரோமாவின் சாட்சியத்தை உலகம் காதில் வாங்கவே வெகுகாலம் ஆனது.

காமிக்ஸ் சுத்தம் என்றும் நான் சொல்லமாட்டேன். சூனியக்காரி ஆத்தா, மந்திரப் பெட்டி, பணக்காரர்களை ஏமாற்றி விற்கிற பையன், எல்லாம் வெள்ளைக்காரன் மண்டையில் இருக்கிற பழைய 'ஜிப்சி' சித்திரங்கள்தான். டூமைப் புனிதனாக்கவும் எனக்கு ஆசையில்லை. அவன் கொடுங்கோலன். மிதிபட்டவன் அரியணையில் ஏறினால் மிதிக்கிறவனாகவும் மாறலாம் என்பது நாம் பயமில்லாமல் பேசவேண்டிய விஷயம். வேரை வெட்டிவிட்டால் அந்தப் பேச்சையே பேசமுடியாது. 1989-இல் வந்த ஒரு காமிக்ஸில் நரகத்தில் சிக்கிய ஆத்தாவின் ஆன்மாவை மீட்க, அவளே தன்னை வெறுக்கும்படி நடந்துகொள்கிறான். மகனை மறுத்துவிட்டு அவள் விடுதலையாகிறாள். இந்த ஒரு காட்சிக்கு முன்னால் அந்த மூன்று படங்களும் தூசு.

2024 ஜூலையில் டூமாக ராபர்ட் டவ்னி ஜூனியர் நடிப்பார் என்று அறிவித்தார்கள். அயர்ன் மேனாக உலகம் கொண்டாடிய முகம். அரங்கம் ஆரவாரம் செய்தது. நடிகர் யார் என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். முகமூடியைக் கழற்றும்போது உள்ளே இருக்கப்போவது யார்? அந்தப் பனிமலையில் மகனுக்கு உடுப்பைக் கழற்றிக் கொடுத்துச் செத்த ரோமா வைத்தியனின் பிள்ளையாக இருந்தால், அவன் எத்தனை பெரிய வில்லனாக இருந்தாலும் பரவாயில்லை. இல்லையென்றால், ஒரு சனத்தை இன்னொரு தடவை கதையிலிருந்தும் துரத்தினார்கள் என்றுதான் நாம் எழுதிவைக்க வேண்டியிருக்கும்.