பேரல் லென்ஸும் ஷட்டரும்

பேரல் லென்ஸ் என்பது ஷட்டர் இல்லாமல் வெறும் உலோகக் குழாயில் அடைத்த லென்ஸ். குழாய்க்குள் கண்ணாடிகள் இருக்கும். துளையைச் சுருக்கி விரிக்கும் ஐரிஸ் இருக்கும், அல்லது தகடு செருக ஒரு பிளவு இருக்கும். ஒளியைத் திறந்து மூடும் பொறி மட்டும் இருக்காது. 4×5, 8×10 அங்குலப் பிலிம் போடும் பெரிய கேமராக்காரர்கள் இன்றும் இந்தப் பழைய லென்ஸ்களைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு எல்லோருக்கும் வரும் கேள்வி, இதற்கு ஷட்டரை எப்படி மாட்டுவது என்பதுதான்.

தொடக்கத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. வியன்னாவின் கணித அறிஞர் யோசெஃப் பெட்ஸ்வால் கணக்கிட்டு, ஃபோய்க்ட்லேண்டர் நிறுவனம் 1840-இல் செய்த உருவப்பட லென்ஸ், ஏறத்தாழ எஃப் 3.6 என்ற அகலத் துளையால் அந்நாளில் ஓர் அதிசயம். அப்படியும் டகேரியோடைப் தகட்டில் உருவம் பதியப் பல விநாடிகள் பிடித்தன. ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையிலும் கணக்கு விநாடிகளில்தான். மதராஸ் மாகாண அரசின் படப்பிடிப்பாளராக லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சாவூர்க் கோயில்களைப் படமெடுத்தபோது பயன்படுத்திய காகித நெகட்டிவ்களுக்கோ நிமிடக் கணக்கில் ஒளி வேண்டியிருந்தது. மூடியைக் கழற்றி, மனதுக்குள் எண்ணி, மீண்டும் மூடினால் போதும். அரை விநாடி பிசகினாலும் படம் கெடாது. அந்தத் தலைமுறை லென்ஸ்களில் ஷட்டர் இல்லாததைக் குறையாக எண்ணுவது தவறு. அவை தம் காலத்துக்கு முழுமையான கருவிகள்.

நிலைமையை மாற்றியது ஜெலட்டின். ரிச்சர்ட் லீச் மேடாக்ஸ் 1871-இல் ஜெலட்டின் உலர்தகட்டை அறிவித்தார். 1878-இல் சார்லஸ் பென்னட் அதன் வேகத்தைக் கூட்டும் வழியைக் காட்டினார். வெயிலில் ஒரு விநாடியின் சிறு பங்கே போதும் என்று ஆனபின் கை தோற்றது. முதலில் வந்தவை எளிய பொறிகள்: ஓட்டையிட்ட பலகை லென்ஸின் முன்னே தன் எடையால் சரிந்து விழும், வேகம் போதாவிட்டால் ரப்பர் பட்டையால் இழுப்பார்கள்.

1888-இல் மான்செஸ்டரில் தொடங்கிய தார்ன்டன்-பிக்கார்ட் நிறுவனத்தின் சுருள்திரை ஷட்டர்தான் இதற்குக் கிடைத்த முதல் நிறைவான விடை எனலாம். மரப்பெட்டிக்குள் நடுவே ஜன்னல் வெட்டிய கறுப்புத் துணி இரு உருளைகளில் சுற்றியிருக்கும். கயிற்றை இழுத்தால் ஸ்பிரிங் முறுக்கேறும்; ரப்பர் பந்தை அமுக்கினால் துணி ஓடி, ஜன்னல் லென்ஸைக் கடக்கும். பெட்டியை லென்ஸின் முன்முனையில் செருகிக்கொண்டால் போதும், லென்ஸில் ஒரு கீறலும் விழாது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் செய்யப்பட்ட பேக்கார்ட் ஷட்டர் இதற்கு நேர்மாறாக லென்ஸுக்குப் பின்னே, கேமராவுக்குள் உட்கார்ந்தது. காற்றுப் பந்தை அமுக்கிப் பிடித்திருக்கும்வரை தகடுகள் திறந்திருக்கும், விட்டால் மூடும். ஊசி செருகும் வகையில் சுமார் 1/25 விநாடி கிடைக்கும். ஸ்டுடியோக்காரர்களுக்கு அதுவே தாராளம். மூடும்போது சத்தம் குறைவு என்பதால், குழந்தைகளைப் படமெடுக்க இதைவிட நல்ல பொறி அன்று குறைவு.

இதற்கிடையே ஷட்டர் லென்ஸின் உள்ளேயே குடியேறியது. மியூனிக் நகரின் ஃபிரீட்ரிக் டெக்கெல் தொழிற்சாலை, காற்று உருளையால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் காம்பவுண்டையும், 1912-இல் பற்சக்கரங்களால் கட்டுப்படுத்தும் காம்பூரையும் கொண்டுவந்தது. ராச்செஸ்டரின் ஐலெக்ஸ், வோலன்சாக் நிறுவனங்கள் அமெரிக்கச் சந்தையைப் பிடித்தன. முன்கண்ணாடித் தொகுதிக்கும் பின்தொகுதிக்கும் நடுவே, ஐரிஸ் இருந்த அதே இடத்தில், மெல்லிய இதழ்கள் விரிந்து மூடும். ஒளி குறுகிச் செல்லும் இடம் அதுதான் என்பதால் சிறிய ஷட்டரே போதுமாயிற்று.

அதே 1912-இல் வந்த ஸ்பீட் கிராஃபிக் கேமரா வேறு வழியில் போனது. அதன் திரை பிலிமுக்குச் சற்று முன்னே, கேமராவின் முதுகில் இருந்தது. முன்னே எந்த லென்ஸை மாட்டினாலும் 1/1000 விநாடி வரை எடுக்கலாம். பேரல் லென்ஸ் பிரியர்கள் இன்றும் இந்தக் கேமராவைக் கொண்டாடக் காரணம் இதுதான். ஆனால் திரையின் கீற்று பிலிமின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக நேரம் ஆகும். அதற்குள் ஓடும் வண்டி நகர்ந்துவிடும். பிரெஞ்சுக்காரர் ஜாக் ஆன்ரி லார்திக் 1910களில் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவில் முன்சாய்ந்து நிற்பது இத்தகைய திரையின் வேலைதான்.

பேரல் லென்ஸ்களின் பெரும் வரவு அச்சுத்தொழிலிலிருந்து வந்தது. பத்திரிகையில் படம் அச்சாக வேண்டுமானால், பிராசஸ் கேமராவில் மூலப்படத்தை நகலெடுத்தாக வேண்டிய காலம் ஒன்று இருந்தது. விளக்கை ஏற்றி அணைத்தே ஒளியின் நேரத்தை அளந்துவிடலாம் என்பதால், கோயர்ஸ் ஆர்ட்டார், ரோடன்ஸ்டாக் அப்போ-ரோனார், அப்போ-நிக்கோர் போன்ற லென்ஸ்கள் பெரும்பாலும் ஷட்டர் இல்லாமலே விற்கப்பட்டன. கம்ப்யூட்டர் வந்து பிராசஸ் கேமராக்களை ஒதுக்கியதும், துல்லியத்தில் குறையே சொல்ல முடியாத இந்த லென்ஸ்கள் மலிவாகக் கொட்டின. ஷட்டர் பொருத்தும் வேலை தனித்தொழிலாகச் செழித்ததில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்தில் எஸ்.கே. கிரைம்ஸ் பட்டறை இந்த வேலைக்கே பெயர்பெற்றது.

வேலை எப்படி நடக்கிறது? ஆர்ட்டாரில் நான்கு தனிக் கண்ணாடிகள், முன்னே இரண்டு, பின்னே இரண்டு. இரு தொகுதிகளையும் குழாயிலிருந்து திருகிக் கழற்றி ஷட்டரின் இருபுறமும் மாட்ட வேண்டும். ஆனால் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி மில்லிமீட்டரின் சிறு பங்கு மாறினாலும் கூர்மை குலையும். முதலில் குழாயில் அந்த இடைவெளியை வெர்னியரால் அளப்பார்கள். பிறகு லேத்தில் பித்தளை அல்லது அலுமினிய வளையம் கடைவார்கள். வெளிமரை ஷட்டருக்கு, உள்மரை கண்ணாடித் தொகுதிக்கு. ஷட்டர் மெலிதாக இருந்தால் வளையத்தைத் தடிப்பாக்கி ஈடுகட்டலாம். ஷட்டர் தடித்துப்போனால் எந்த வளையமும் உதவாது.

துளை எண்களையும் புதிதாகப் பொறிக்க வேண்டும். குவியத் தூரத்தை, முன்கண்ணாடி வழியே பார்க்கும்போது தெரியும் துளையின் விட்டத்தால் வகுத்தால் எஃப் எண் வரும். 360 மி.மீ. எஃப் 9 லென்ஸுக்கு 40 மி.மீ. துளை தேவை, காப்பல் நிறுவனத்தின் 3-ஆம் எண் ஷட்டர் சுமார் 45 மி.மீ. திறப்பதால் அதில் அடங்கும். 480 மி.மீ. எஃப் 9 லென்ஸ் 53 மி.மீ. கேட்கும், அதில் எஃப் 11-க்கு அருகில்தான் தொடங்க முடியும்.

இரண்டாம் உலகப் போரில் வான்படத்துக்காகக் கோடாக் செய்த 178 மி.மீ. எஃப் 2.5 ஏரோ எக்டாருக்கு 71 மி.மீ. வேண்டும். அதை இதழ் ஷட்டருக்குள் திணிக்க முயல்வதைவிட ஸ்பீட் கிராஃபிக்கில் மாட்டுவதே அறிவு. படப்பிடிப்பாளர் டேவிட் பர்னெட் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கை அப்படித்தான் படமெடுத்தார். தோரியம் கலந்த அதன் கண்ணாடி காலப்போக்கில் மஞ்சளாகும். புற ஊதா ஒளியில் வைத்தால் தெளியும்.

குழாயைப் பிரிக்க மனம் வராதவர்களுக்கு இன்னொரு வழி, முழு லென்ஸையும் ஒரு வளையத்தால் பெரிய ஐலெக்ஸ் 5 போன்ற ஷட்டரின் முன்னே திருகுவது. குழாயின் ஐரிஸே துளையைக் கவனித்துக்கொள்ளும். இதில் குறை என்னவென்றால், பின்னே இருக்கும் ஷட்டர் ஓரக் கதிர்களை வெட்டலாம். படத்தின் மூலைகள் இருளும். சுவிட்சர்லாந்தின் சினார் நிறுவனம் இதைத் தன் கேமராவின் அமைப்பாகவே ஆக்கிக்கொண்டது: லென்ஸ் பலகைக்கும் பெல்லோஸுக்கும் நடுவே ஒரே ஷட்டர், 8 விநாடி முதல் 1/60 வரை, எல்லா லென்ஸுக்கும் பொது.

பழைய லென்ஸில் பொறித்த எண்களையும் அப்படியே நம்பக் கூடாது. பிரிட்டனில் 1881-இல் வகுத்த ‘யு.எஸ்.’ (யூனிஃபார்ம் சிஸ்டம்) அளவில் 16 என்பது மட்டுமே எஃப் 16-உடன் ஒத்துப்போகும். அதில் 4 என்றிருந்தால் அது எஃப் 8, 64 என்றிருந்தால் எஃப் 32. தகடு செருகும் பிளவு திறந்திருந்தால் அதன் வழியே ஒளி கசியும். ஒரு துண்டு கறுப்பு டேப் போதும்.

பித்தளைப் பெட்ஸ்வாலை வெட்டி மரை போடுவதை இன்று பலரும் விரும்புவதில்லை. அது நியாயமே. வெட்டிய பித்தளை திரும்ப வராது; முன்னே ஒரு சுருள்திரையையோ பின்னே ஒரு பேக்கார்டையோ மாட்டினால் எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். பிராசஸ் லென்ஸ்களுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. தொகுதிகள் திருகித்தான் மாட்டப்பட்டிருக்கின்றன. பழைய குழாயைப் பத்திரப்படுத்தினால் மறுபடி அதிலேயே போடலாம். காப்பல் நிறுவனம் தன் இதழ் ஷட்டர்களைச் செய்வதை நிறுத்திவிட்டதால் புதியது கிடைப்பதில்லை. பூஞ்சை பிடித்துக் கண்ணாடி கெட்ட லென்ஸ்களை அவற்றின் ஷட்டருக்காகவே வாங்கி, சுத்தம் செய்து, வேகத்தை அளந்து பார்த்துவிட்டு, ஆர்ட்டார்களையும் ரோனார்களையும் அவற்றில் ஏற்றுகிறார்கள்.