நாட்குறிப்பும் நெஞ்சுரமும்

எழுத விழைவோர்க்கு வேண்டியவை எவை என்று வினவினால், சொல்வளம், கற்பனை, கல்வி என மூன்றையும் நாம் உடனே அடுக்கிவிடுகிறோம். இவை யாவும் இருந்தும் எழுத்தை இடையிலே கைவிட்டோர் பலர். ஒரு நிந்தனைச் சொல், ஒரு பதவி இழப்பு, வீட்டில் ஒரு துயரம் என ஏதோ ஒன்று குறுக்கிட்டதும் பேனா ஓய்ந்துவிடுகிறது. எழுத்தாளனைத் தாங்கி நிற்பவை நெஞ்சுரமும் அன்றாட ஒழுங்குமே. இவ்விரண்டும் ஒன்றையொன்று எவ்வாறு வளர்க்கின்றன என்பதை வரலாற்றில் காணவேண்டுமாயின், நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுவை நோக்கிச் செல்லும் சாலையில் அமைந்தது கீழ்பென்னாத்தூர். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவ்வட்டாரம் படைகளின் பாதையாக விளங்கிற்று. 1750ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைக் கைப்பற்றினார். அதே ஆண்டு டிசம்பரில் நாசிர் ஜங் செஞ்சிக்கருகே கொல்லப்பட்டார். திருவண்ணாமலைக் கோயிலும் கோட்டையாகப் பயன்பட்டு முற்றுகைகளுக்கு உள்ளாயிற்று. இக்காலத்து நிகழ்ச்சிகளையும் வதந்திகளையும் புதுவையில் அமர்ந்து நாள்தோறும் எழுதிவைத்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே ஆனந்தரங்கப் பிள்ளை.

1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, புதுவையில் வணிகராக உயர்ந்த அவர், 1736ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், அதாவது நள ஆண்டு ஆவணித் திங்களில், தம் குறிப்பைத் தொடங்கினார். காதால் கேட்டது, கண்ணால் கண்டது, கப்பல்கள் வந்தது போனது ஆகியவற்றை எழுதுவதே தம் நோக்கம் என்று முதலிலேயே வரையறுத்துக்கொண்டார். ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றை முன்வைத்து, பல இடங்களில் நாழிகையையும் சுட்டி, அதன் பின்னரே செய்தியைச் சொல்லுவது அவர் வழக்கம். இடைவெளிகள் உண்டு எனினும், ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் அவர் இவ்வழக்கத்தை விடவில்லை.

அவருடைய சூழல் எளிதானதன்று. அவருக்கு முன் தலைமைத் துபாஷியாக இருந்தவர் கத்தோலிக்கரான கனகராய முதலியார். இருவருக்கும் இடையே போட்டியும் கசப்பும் நிலவின. ஆயினும், மறைந்த தம் மகனின் நினைவாக 1745இல் ஒழுகரைப் பகுதியில் கனகராயர் ஓர் ஆலயம் எழுப்பிப் பல சாதியாருக்கும் விருந்தளித்தபோது, அதனைப் பிள்ளை விரிவாகவே எழுதிவைத்தார். அவருடைய குறைகூறலும் அதில் உண்டு. ஆனால் போட்டியாளரின் சிறப்பு நாளை எழுதாமல் விட்டுவிட அவர் மனம் ஒப்பவில்லை.

இதனினும் கடினமான சோதனை 1748இல் வந்தது. ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டிருந்த அந்தச் செப்டம்பரில், இயேசு சபையாரின் ஆலயத்தை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோயில், ஆளுநர் துய்ப்ளேயின் ஆணையால் இடிக்கப்பட்டது. அதற்குக் குருக்களும் ஆளுநரின் மனைவியும் தூண்டுதலாய் இருந்தனர் என்று பிள்ளை எழுதுகிறார். முந்திய ஆளுநர்கள் செய்யத் துணியாத செயல் இது என்றும் குறிக்கிறார். அவர் அதே ஆளுநரின் கீழ்ப் பணியாற்றியவர். 1747 முதல் தலைமைத் துபாஷியும் அவரே. வெளியில் அவரால் தடுக்க இயலவில்லை. ஏட்டிலோ யார் வந்தார், என்ன சொன்னார், என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பதிந்தார். தம் வேதனையையும் மறைக்கவில்லை. மறுநாள் மறுநாளுக்குரிய செய்தியை எழுதினார்.

கத்தோலிக்கராகிய நமக்கு இப்பகுதி படிக்க எளிதன்று. நம் முன்னோர் காலத்து ஆர்வம் அயலாரின் நெஞ்சைப் புண்படுத்திய ஒரு நாளை, புண்பட்டவரின் கையாலேயே நாம் காண்கிறோம். ஏட்டை மூடிவிடாமல் இறுதிவரை படிக்கவும் நெஞ்சுரம் வேண்டும். எழுதுவோரிடம் நாம் எதிர்பார்க்கும் உறுதியில் ஒரு பங்கேனும் படிப்போரிடமும் இருத்தல் முறையன்றோ!

நெஞ்சுரம் என்பது உணர்ச்சியற்றிருப்பது என்று நாம் தவறாக எண்ணிவிடுகிறோம். பிள்ளை உணர்ச்சியற்றவர் அல்லர். சினமும், தற்பெருமையும், சோதிட நம்பிக்கையும், தம் காலத்துச் சாதிப் பார்வையும் அவரது எழுத்தில் நிறைந்துள்ளன. ஆளுநரின் மனைவி மீது அவர் கொண்ட வெறுப்பு பக்கம் பக்கமாய்த் தெரிகிறது. எனவே அவர் கூற்றனைத்தையும் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. ஆனால் முதலில் தேதி, அடுத்து நிகழ்ச்சி, அதன் பின்னரே ஆற்றாமை என்ற வரிசை அவருக்கு ஒரு கைப்பிடிச் சுவராயிற்று. துயரத்தைப் பொங்கவிட்டு அதிலே மூழ்காமலும், அதை அடக்கி உள்ளே புழுங்காமலும், அதற்குரிய இடத்தை அளந்து கொடுத்தது அவ்வொழுங்கு. மனம் அமைதியுற்ற பின் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. எழுதும் வழக்கமே அவர் மனத்தை நிலைநிறுத்தியது என்று நாம் துணிந்து கூறலாம்.

பிற்காலத்தில் நோயும் வந்தது. 1756இல் பதவியும் போயிற்று. ஆங்கிலேயர் மீண்டும் புதுவையை முற்றுகையிட்டிருந்தபோது, நகரம் சரணடைவதற்குச் சில நாட்களே இருக்கையில், 1761 சனவரியில் அவர் காலமானார். அவர் வாழ்ந்த நகரின் பெரும்பகுதி பின்னர்த் தரைமட்டமாக்கப்பட்டது. ஏடுகளோ எஞ்சின. 1846இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டறியும்வரை, எண்பத்தைந்து ஆண்டுகள் அவை வெளியுலகம் அறியாது கிடந்தன. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. இன்று அக்கால வரலாற்றை எழுதும் எவரும் அவரைப் புறக்கணிக்க இயலாது.

கைதட்டலையோ அச்சு வாகனத்தையோ நம்பி அவர் எழுதவில்லை என்பதை நம்மிடையே எழுத முற்படும் இளையோர் எண்ணிப் பார்க்க வேண்டும். அனுப்பிய கட்டுரை திரும்பி வந்த மறுநாளும், வீட்டில் துயரம் நேர்ந்த மறுநாளும், தேதியிட்டு நான்கு வரியேனும் எழுதும் பழக்கம் ஒருவருக்கு அமையுமானால், பெரிய அடிகளையும் தாங்கும் வலிமை அவருக்குச் சிறுகச் சிறுகச் சேரும். நாம் கண்டதை, நமக்கு உவப்பாயினும் கசப்பாயினும், உள்ளபடி எழுதி வைப்போம். அதை என்று, யார் படிப்பார் என்பது நம் கையில் இல்லை. இன்றைய தேதியை இட்டு முதல் வரியை எழுதுவது நம் கையில் இருக்கிறது.